பட்டனம்மாவின் பின்னறை

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து பட்டனம்மா ஒரு கறுப்புக் கோட்டுக்குக் கவர் போட்டுக்கொண்டிருந்தாள். இடது கை ஹேங்கரின் கொக்கியைத் தூக்கிப் பிடிக்கும். வலது கை பிளாஸ்டிக் உறையை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் இறக்கும். அடியில் ஒரு முடிச்சு. இஸ்திரிச் சூடு ஆறுவதற்குள் போட்டுவிட வேண்டும் என்பது அவள் கட்சி. ஆறவிட்டால் தூசி படியும். தூசி படிந்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அவள் நீட்டிய கோட்டை மருமகள் வாங்கிச் சுவரோரக் கம்பியில் மாட்டினாள். கம்பி அந்தச் சுவர் முழுக்க ஓடியது. கோட்டு, திரைச்சீலை, கம்பளி, யாரோ வாங்க மறந்த குளிர்காலத் துணி எல்லாம் அதில் பிதுங்கிக்கொண்டு தொங்கின. கம்பியின் கடைசிக் கோட்டு பட்டனம்மாவின் தலையணையை உரசிக்கொண்டிருந்தது.

"போதும் அத்தை. காய்ச்சல் விட்டு இன்னும் ஒடம்பு தேறவே இல்ல. படுங்க."

"படுத்துப் படுத்துத்தான் முதுகுல கட்டி வந்துச்சு. அடுத்ததைக் குடு."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அவர் ஆயிரம் சொல்வார். அவரா வந்து கவர் போடப் போறார்?"

மருமகள் அடுத்த கோட்டைக் கொடுத்தாள். கொடுக்காவிட்டால் மாமியார் தானே எழுந்து எடுக்கப் பார்ப்பாள் என்று அவளுக்குத் தெரியும். எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பிறகு அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டியவளும் அவள்தான்.

பட்டனம்மா என்பது தெரு வைத்த பெயர். இந்த டிரை கிளீனிங் கடைக்கு மருமகளாக வந்த புதிதில், வெளுத்து வரும் துணிகளில் பட்டன் தொங்குவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. ஊசியை எடுத்தாள். அதன்பின் பட்டன் ஆடும் துணி ஒன்றுகூட அந்தக் கடையிலிருந்து வெளியே போனதில்லை. கல்யாணமாகாத குமாஸ்தா ஒருவரின் கோட்டு மாதம் தவறாமல் ஒரு பட்டனை இழந்துகொண்டு வரும். "ஒண்ணு, ஊசி பிடிக்கக் கத்துக்கோங்க. இல்லேன்னா ஊசி பிடிக்கத் தெரிஞ்ச பொண்ணாப் பார்த்துக் கட்டிக்கோங்க" என்று அவள் கவுண்டரிலிருந்தே சொல்ல, நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். குமாஸ்தா கல்யாணமும் பண்ணிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கும் ஊசி பிடிக்கத் தெரியாது. அன்று முதல் இரண்டு கோட்டுகள் வந்தன.

கடை கீழே, வீடு மேலே. புருஷன் இருந்தவரை மெஷின் அவர் பொறுப்பு. ஊசியும் வாயும் இவள் பொறுப்பு. அவர் போன பிறகு மகன் கடையை எடுத்துக்கொண்டான். நல்ல உழைப்பாளி. சுற்றிலும் புதுக்கடைகள் முளைத்தபோது, "காலையில் கொடுத்தால் மாலையில் வாங்கலாம்" என்று பலகை மாட்டி நிமிர்ந்து நின்றான். அந்த நேரத்தில்தான் பட்டனம்மாவின் வலது இடுப்பு காலை வாரியது. மூட்டு தேய்ந்துவிட்டது. மாடிப்படி ஏறுவது கனவாகிப் போனது. மகன் யோசித்து, கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அவளுக்குக் கட்டில் போட்டான். புருஷன் காலத்தில் அது துணி காயப்போடும் அறை. மெஷினிலிருந்து எடுத்த துணியை அவர் ராத்திரி முழுக்க அங்கே தொங்கவிட்டு, இரண்டு ஜன்னலையும் திறந்துவைத்துவிட்டுத்தான் மாடிக்கு வருவார். மறுநாள்தான் கவர். அதை அவரது சோம்பேறித்தனம் என்று பட்டனம்மா பல வருஷம் சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

இப்போது அறை அவளுடையது. ஆனால் கம்பியை எங்கே கொண்டுபோய் வைப்பது? அது அங்கேயே இருந்தது. கிழவிக்குக் குளிரக்கூடாது, துணியில் தூசி படக்கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தினார்கள். சும்மா படுத்திருக்க முடியாத அவளுக்குக் கவர் போடும் வேலையும் கிடைத்தது. எல்லோருக்கும் சௌகரியம். எல்லோரும் அன்பாகத்தான் செய்தார்கள்.

எலும்பு டாக்டர் கலகலப்பான மனிதர். "கீல் தேஞ்ச கதவு மாதிரிதான்மா. புதுக்கீல் போட்டுட்டா திறந்து மூடலாம்" என்று சொல்லி ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். தேதி நெருங்கும்போது முதுகில் ஒரு கட்டி பழுத்தது. ஆபரேஷன் தள்ளிப்போனது. கட்டி ஆறி எழுந்தால் விலாவில் அக்கி. அக்கி ஓய்ந்து அடுத்த தேதி வந்தால் நெஞ்சுச்சளி. ஆஸ்பத்திரியில் படுக்கவே வைத்துவிட்டார்கள். டாக்டரின் கலகலப்பு குறைந்தது.

"உள்ள இரும்பு வைக்கிறேன்மா. கிருமி இருக்கிற ஒடம்புல வெச்சா, அது நேராப் போய் அந்த இரும்புலதான் குடியேறும். அப்புறம் எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. ரத்தத்துல வெள்ளை அணு ஒவ்வொரு தடவையும் கம்மியா இருக்கு. ரத்த டாக்டரைப் பாருங்க. அவங்க சரின்னு சொன்னாத்தான் நான் கத்தியைத் தொடுவேன். சொல்லலேன்னா..." அவர் சக்கர நாற்காலியைப் பார்த்தார்.

பட்டனம்மாவுக்கு வலிகூடப் பெரிதில்லை. வலியோடு வாழப் பழகிவிடலாம். கழிவறைக்குப் போக ஒவ்வொரு முறையும் மருமகளைக் கூப்பிட வேண்டியிருப்பதுதான் தாங்கவில்லை. கடையில் கூட்டம் நிற்கும். அந்தப் பெண் கவுண்டரை விட்டுவிட்டு ஓடிவந்து தூக்கி, உட்காரவைத்து, வெளியே நின்று, மறுபடி தூக்கி. கூப்பிட மனமில்லாமல் இவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். கேட்டால், தாகமில்லை என்பாள். ஆபரேஷன் இல்லையென்றால் சாகும்வரை இப்படித்தான்.

வெள்ளை அணு என்றதும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னது ரேடியோ.

ரேடியோ அவளுடைய நாத்தனார். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எதிர்ச்சாரியில் தரைத்தளத்தில் தனியாக இருக்கிறாள். வேலை பார்த்த காலத்தில் அடுத்தவர் பேச இணைப்புக் கொடுத்தே காலம் போய்விட்டது. இப்போது பாக்கியை எல்லாம் தானே பேசித் தீர்க்கிறாள் என்பது தெருவின் கணக்கு.

"ரத்தப் புத்துநோயா இருக்குமோ அண்ணி? இருந்தாலும் இப்பல்லாம் மருந்து இருக்கு. எங்க ஆபீஸ்ல ஒருத்திக்கு..."

"இருந்தா நீ எனக்கு முன்னாடி போயிடு. மேல போயாவது நான் நிம்மதியா இருக்கேன்" என்றாள் பட்டனம்மா.

"அப்ப நான் எப்படி முன்னாடி போறது? நான் முன்னாடி போனா மேல நான்தானே இருப்பேன்?"

பட்டனம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ரேடியோ சொல்லிச் சிரிப்பதாவது! கல்யாணமான புதிதில், "அண்ணி தைக்கிறது கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று நாலு பேர் எதிரில் சொன்னவள் இவள். பட்டனம்மா அதை ஒருநாளும் மறக்கவில்லை. ரேடியோவுக்கு அப்படிச் சொன்னதே நினைவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

ரத்த டாக்டரிடம் போன அன்று மகனுக்கு ஒரு ஹோட்டலின் திரைச்சீலைகள் மொத்தமாக வந்து குவிந்திருந்தன. மருமகளால் கவுண்டரை விட முடியாது. வேறு வழியில்லாமல் ரேடியோவைத் துணைக்கு அனுப்பினார்கள். வாடகை வண்டி நகர்ந்ததுமே ரேடியோ கண்ணாடியை இறக்கினாள்.

"குளிருது. ஏத்து."

"தலை சுத்துது அண்ணி. உங்க பக்கத்துல உக்காந்தாலே எனக்கு இப்படித்தான்."

"உனக்கு என்னைக் கண்டாலே தலை சுத்தும். இன்னிக்கு நேத்தா?"

ரத்த டாக்டர் நடுவயதுப் பெண்மணி. அதிகம் பேசவில்லை. நாக்கு, கழுத்து, அக்குள், வயிறு என்று அமுக்கிப் பார்த்தார். விழுங்கும் மாத்திரைகளை எல்லாம் மேசையில் பரப்பச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார். சர்க்கரை கிடையாது. மாத்திரையிலும் தப்பு இல்லை. பிறகு முதுகுப்பக்கம் குனிந்து மூச்சுச் சத்தம் கேட்டவர், நிமிர்ந்து, பட்டனம்மாவின் சால்வையை விரலால் பிடித்துக் கொஞ்சம் தள்ளிவைத்தார்.

"இந்தச் சால்வையை இப்பதான் வெளுத்து வாங்கினீங்களா?"

"இல்லையே. வெளுத்து மாசக்கணக்காச்சு."

"அப்ப இந்த வாசனை?"

"என்ன வாசனை?"

டாக்டர் ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ அதற்காகவே காத்திருந்தவள் போலத் தொடங்கினாள். "அதைத்தான் டாக்டர் நான் ரொம்ப நாளா சொல்றேன், இவங்க வீட்டுக்குள்ள போனாலே இனிப்பா, மூக்கைக் குத்துற மாதிரி ஒரு நெடி. நான் ஜன்னலைத் திறந்தா இவங்க சாத்துவாங்க, நான் திறந்தா இவங்க..."

"நீ அதைச் சொன்னதே இல்ல!"

"சொன்னேன் அண்ணி. நான் சொல்றதுல எதைத்தான் நீங்க காதுல போட்டுக்கறீங்க?"

அது உண்மைதான்.

எங்கே தூங்குகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலை இடைமறிக்காமல் முழுக்கக் கேட்டுக்கொண்டார். கம்பி, கோட்டு, கவர், சாத்திய ஜன்னல், சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்.

"நடுவுல எப்பவாவது நல்லா இருந்தீங்களா?"

பட்டனம்மா யோசித்தாள். மெஷின் பழுதாகி மகன் தலையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சமயம், முதுகுக் கட்டி தானாக ஆறியது. அது மருமகள் வாங்கிவந்த பச்சைக் களிம்பின் மகிமை என்று அவள் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். நெஞ்சுச்சளிக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வெள்ளை அணு எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது. வீட்டுக்கு வந்ததும் இறங்கியது.

"இதை வெச்சு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "துணி வெளுக்கிற அந்தத் திரவத்தோட ஆவி ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆகாதுன்னு நல்லாத் தெரியும். வெள்ளை அணுக்களையும் சீண்டுதுன்னு சில ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. எல்லாருக்கும் அப்படி ஆகுறதில்ல. ஆனா வயசுன்னு ஒண்ணு இருக்கே. வெள்ளை அணுன்னா ஒடம்புக்குக் காவல்காரன். சின்ன வயசுல காவலுக்கு நிக்கிற ஒருத்தன் விழுந்தா உள்ளேயிருந்து பத்துப் பேர் ஓடி வருவாங்க. உங்க வயசுல கூப்பிட்டாலும் மெதுவாத்தான் வருவான். அந்த நேரத்துல ராத்திரி பகலா இந்த ஆவியும் உள்ள போனா, அவன் என்ன பண்ணுவான்? மொதல்ல எலும்பு மஜ்ஜையில பெரிய நோய் எதுவும் இல்லேன்னு பார்த்துடுவோம். அதுக்கப்புறம், கொஞ்ச வாரம் நீங்க அந்த அறையில தூங்கக்கூடாது."

மஜ்ஜைப் பரிசோதனைக்கு ஊசி குத்தியபோது பட்டனம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். முடிவு வரும்வரை கடையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பேசியது ரேடியோ மட்டும். முடிவு வந்த அன்று டாக்டரே போன் செய்தார். புற்றுநோய் இல்லை. மஜ்ஜை வேலை செய்கிறது; சோர்வாகச் செய்கிறது, அவ்வளவுதான். மகன் போனை வைத்துவிட்டு இஸ்திரி மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டான். மருமகள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"மேசை சூடா இருக்கு, தலையை எடுங்க. நல்ல சேதிக்கு யாராவது வெந்து போவாங்களா?"

பாரம் இறங்கியது. மிச்சமிருந்தது அந்த அறை.

மகன் அன்று மாலையே கம்பியைக் கழற்றினான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் இருந்தது. அதன் கதவு ரப்பர் பழசு. கொஞ்சம் கசியும் என்பது அவனுக்கும் தெரியும். ஃபில்டர் கழுவும்போது தவறாமல் மாஸ்க் போட்டுக்கொள்கிறவன் அவன்.

"மெஷின் கிட்ட நின்னா மாஸ்க் போடணும்னு தெரியும்மா. துணிக்குள்ளயும் அது உக்காந்திருக்கும், கவரைப் போட்டு அடைச்சா உள்ளேயே நின்னு ராத்திரியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும்னு எனக்குத் தோணவே இல்லம்மா. எங்கம்மாவை நானே..."

"ஆரம்பிச்சுட்டான். கவர் போட்டது யாரு, நீயா? உங்கப்பா மறுநாள்தான் போடுவார். அவரைச் சோம்பேறின்னு சொன்னது யாரு, நீயா? போ, போய் வேலையைப் பாரு."

"அப்ப அத்தை வீட்டுக்குப் போறியா?"

வேறு எங்கே போவது? மாடி ஏற முடியாது. மகள் என்று ஒருத்தி இல்லை. தெருவில் தரைத்தளத்தில் ஒரு கட்டில் காலியாக இருந்தது ரேடியோ வீட்டில் மட்டும்தான்.

"அவ வீட்டுக்கா? அதுக்கு இந்த ஆவியே தேவலை. இது சத்தம் போடாம கொல்லுது."

ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இங்கேயே படுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "ஒத்தைக்கால்லதான் நிக்க முடியும் உன்னால" என்று மகன் சொல்லிவிட்டு, சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அப்போது அவளுக்குக் கழிவறை போக வேண்டியிருந்தது. மருமகளைக் கூப்பிட்டாள். கடையில் ஒருவர் பட்டுத்துணியில் கறை போகவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். மருமகள் அவரை அப்படியே விட்டுவிட்டு வந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அவளுடைய மணிக்கட்டில் சுளுக்குக்குக் கட்டிய பட்டி இருந்ததைப் பட்டனம்மா அப்போதுதான் பார்த்தாள்.

"இது எப்போ?"

"ஒண்ணுமில்ல அத்தை. நடங்க."

திரும்பி வந்து உட்கார்ந்ததும் பட்டனம்மா சொன்னாள்: "என் துணி நாலு எடுத்து வை. அவ வீட்டுக்குப் போறேன். போர்வை எடுக்காத, அதுலயும் நெடி இருக்கும்."

ரேடியோ வீட்டில் ஜன்னல்கள் சாத்தப்படுவதே இல்லை. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும். பட்டனம்மா காதை மூடி மப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காற்றுக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று இரண்டு காரணம். காலையில் கண் விழித்ததும் தொடங்கும் ரேடியோ. பால்காரர், பக்கத்து வீட்டுப் பூனை, டெலிபோன் இலாகாவில் யாரோ யாரையோ காதலித்த கதை. தூங்கப் போகும்போது, "எங்க விட்டேன்?" என்று கேட்பாள். ஆனால் தூக்குவதில் கெட்டிக்காரி. முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி, ஒரே மூச்சில் தூக்குவாள். கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே இருப்பாள். உள்ளே இருப்பவளுக்குக் கூச்சப்பட நேரமே இருக்காது. இது ஒரு வித்தைதான் என்று பட்டனம்மா மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. கூப்பிடத் தயக்கம் குறைந்ததும் தண்ணீரும் வேண்டிய மட்டும் குடித்தாள்.

மகன் தினமும் கடை மூடியதும் தெருவைக் கடந்து வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவான். சில வாரம் கழிந்திருக்கும். ஒரு மாலை அவன் உள்ளே வந்து கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பட்டனம்மா மூக்கைச் சுளித்தாள்.

"டேய், என்னடா இது?"

"என்னம்மா?"

"உன் சட்டை. என்னமோ கொட்டின மாதிரி... இனிப்பா... தூரப் போ, தூரப் போ. குமட்டுது."

மகன் தன் சட்டையை முகர்ந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ரேடியோ அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

கடைக்கு வந்த நாள் முதல் அந்த நெடியோடு வாழ்ந்தவள் பட்டனம்மா. புருஷன் சட்டையிலும், தலையணையிலும், மகனைத் தூக்கி வளர்த்த கையிலும் அதுதான். தினமும் முகர்ந்து முகர்ந்து மூக்கு சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. இப்போதுதான் மறுபடி வாய் திறக்கிறது. அவள் மகனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்குத் தெரியலையா?"

"இல்லம்மா."

"அப்ப அடுத்த ஆள் நீதான். உனக்கும் வயசு ஏறிக்கிட்டே போகுது, கண்ணாடியில பாரு. நாளைக்கே மெஷின் கதவு ரப்பரை மாத்து. அந்த அறையில ஜன்னல்ல காத்தை வெளிய தள்ற ஃபேன் வை. துணி ராத்திரி முழுக்க அங்க தொங்கட்டும். மறுநாள்தான் கவர். உன் பொண்டாட்டியை அந்த அறையில உக்கார வெச்சேன்னா காலை ஒடிப்பேன்."

"காலையில கொடுத்தா மாலையிலன்னு பலகை மாட்டியிருக்கேனேம்மா."

"பலகையைத் திருப்பி மாட்டு."

அவன் பலகையை நிஜமாகவே திருப்பி மாட்டினான். பின்பக்கம் வெற்று மரம். அதில் மருமகள் சாக்பீஸால், "நாளைக்குத்தான். அவசரமென்றால் அழுக்கோடு போட்டுக்கொள்ளவும்" என்று எழுதினாள். மாமியாருக்கு ஏற்ற மருமகள். சில வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள், இரண்டொருவர் வேறு கடைக்குப் போனார்கள். குமாஸ்தா மட்டும், இப்போது தலை நரைத்துவிட்டவர், பலகையைப் படித்துவிட்டு, பட்டனம்மா எப்போது திரும்பி வருவாள் என்று கேட்டார். கோட்டில் பட்டன் போய் ரொம்ப நாளாகிவிட்டதாம்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் ஏறியிருந்தன. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். டாக்டர் அப்போதும் அளந்துதான் பேசினார். "இதனாலதான்னு நான் எழுதித் தர மாட்டேன். நல்ல காத்து, நல்ல தூக்கம், நிறைய தண்ணி, எல்லாம் சேர்ந்திருக்கும். ஆனா அந்த அறைக்கு மட்டும் திரும்பிப் போகாதீங்க." பட்டனம்மா தலையாட்டினாள். நடுவில் ஒரு நாள் லேசாகச் சளி பிடித்தது. வீடே நடுங்கியது. மகன் வாசலில் நின்றான், மருமகள் போனில் நின்றாள், ரேடியோ பேசாமல் நின்றாள். சளி மற்றவர்களுக்குப் போவது போலவே, தும்மி, மூக்கைச் சிந்தி, வந்த வழியே போய்விட்டது. நெஞ்சுக்கு இறங்கவில்லை. அப்படி ஒரு சாதாரணச் சளியைப் பட்டனம்மா பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

எலும்பு டாக்டர் மேனி முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டி இல்லை. புண் இல்லை. பல் டாக்டரிடம் அனுப்பி ஈறுகளையும் பார்க்கச் சொன்னார். எல்லாம் சரி என்று தெரிந்ததும் பழைய கலகலப்பு திரும்பியது.

"கதவுக்குக் கீல் போட்டுடலாம்மா. ரெடியா?"

"நான் எப்பவோ ரெடி. நீங்கதான் பயந்துக்கிட்டிருந்தீங்க."

ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது ரேடியோ கூடவே நடந்து வந்தாள். கதவு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தவள், கதவுக்கு முன் நின்று, "அண்ணி" என்றாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன, கரண்டு போயிடுச்சா?" என்றாள் பட்டனம்மா.

"நான் எப்பவாவது ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க."

கோழி கிளறின கதையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் இவள் அழுவாள், அழுதால் ஆறுதல் சொல்ல வேண்டும், டாக்டர் காத்துக்கொண்டிருக்கிறார். "எதை வெச்சுக்கறது, எதை விடறது? அவ்வளவு பேசியிருக்க. வெளிய உக்காரு, வந்துடறேன்" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் காய்ச்சல் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்றார்கள். மகன் கட்டிலருகே நின்றிருந்தான். குளித்து, வீட்டில் சோப்புப் போட்டுத் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவள் அவன் கையை இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டு விட்டாள். மறுபடி தூங்கிப்போனாள்.

மறுநாள் காலையில் நர்ஸ் வாக்கரைக் கொண்டுவந்து கட்டிலருகே நிறுத்தினாள்.

"எழுந்திருங்கம்மா, நடக்கணும்."

"நேத்துதானேடி அறுத்தீங்க?"

"அதனாலதான் இன்னிக்கு நடக்கணும்."

ரேடியோ தூக்கக் கை நீட்டினாள். நர்ஸ் அவளைத் தடுத்தாள். பட்டனம்மா இரண்டு கையாலும் வாக்கரைப் பிடித்து, நல்ல காலை ஊன்றி, புது இடுப்பை மெல்ல நிமிர்த்தினாள். வலித்தது. ஆனால் இது வேறு வலி. தைத்த இடத்து வலி. பழைய குடைச்சல் இல்லை. வாக்கரை நகர்த்தினாள். கால் பின்னால் வந்தது. மறுபடி நகர்த்தினாள்.

"எங்கம்மா போறீங்க? ஜன்னல் வரைக்கும் போதும்."

"ஜன்னல்ல எனக்கு என்ன வேலை? பாத்ரூம் எங்க இருக்கு?"

நர்ஸ் ஒட்டினாற்போல் கூடவே நடந்தாள்; தொடவில்லை. உயரமான இருக்கையில் எப்படி உட்கார வேண்டும், எந்தக் காலை முன்னால் நீட்ட வேண்டும் என்று வாசலில் நின்று சொன்னாள். பட்டனம்மா கதவைச் சாத்தப் போனாள்.

"தாழ் போடக்கூடாது. கொஞ்சம் திறந்திருக்கட்டும்."

"சரி. நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

நர்ஸ் திரும்பிக்கொண்டாள். வெளியே ரேடியோ, டெலிபோன் இலாகாவில் தன் மேலதிகாரி இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு நடனமாடியதாக நர்ஸிடம் ஒரு கதையைத் தொடங்கியிருந்தாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பட்டனம்மா சுவரிலிருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தானே எழுந்து, கையையும் முகத்தையும் கழுவி, ஈரக்கையால் முன்தலை மயிரை ஒதுக்கிக்கொண்டு, வாக்கரைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.